வீடியோவ அழிக்கவா வேண்டாமா? சாட்ஸ்வொர்த் டேக்அவே கடை தங்கச்சிக்கு ஒரு பதில்

வந்த லெட்டர் (நீளமா இருந்துச்சு, சுருக்கியிருக்கேன்):

"அண்ணா, தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் சின்ன டேக்அவே கடை வச்சிருக்கேன். சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், கல்யாணமாகி வந்தேன், பெர்மனென்ட் ரெசிடென்ஸ் இருக்கு, சிட்டிசன் இன்னும் ஆகல. தோசை, வடை, மட்டன் பன்னி சௌ (பிரெட்ட கொடைஞ்சு உள்ள கறி ஊத்திக் குடுக்கிறது), வெள்ளிக்கிழமை ப்ரியாணி. அடுப்படியில ஜிம்பாப்வேகாரர் ஒருத்தர் எட்டு வருஷமா இருக்காரு. புரட்டாசி ரெண்டாவது வாரம் வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வெளிய போகணும்னு எங்க ரோட்டுல ஊர்வலம் வந்துச்சு, அவரு பயந்து ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டாரு. எனக்கு தாங்கல. அன்னிக்கு ராத்திரியே அவர பக்கத்துல நிக்க வச்சு கடை பேஜ்ல வீடியோ போட்டேன், 'இவரு சமைச்சத தின்னுட்டுத்தான் இவர போகச் சொல்றீங்க'ன்னு பேசுனேன். ஆறு வாரம் ஆச்சு. ஒரு நாளைக்கு 5,000 ரேண்ட் வித்த கடை இப்ப 4,200. ஒரு பேக்டரிக்கு வெள்ளிக்கிழமை 60 பார்சல் 45 ரேண்ட் கணக்குல போயிட்டிருந்தது, நின்னுபோச்சு. கூகுள்ல ஒத்த ஸ்டாரா குத்துறாங்க. பில்டிங் ஓனர் 'அத எடுத்துரு'ன்னு மெசேஜ் பண்றாரு. கவுண்டர்ல இருக்கிற ஜூலு பொண்ணு லீவு போட்டு அந்த ஊர்வலத்துக்கே போயிருக்கா, ஸ்டேட்டஸ் வச்சிருக்கா, அவள நிறுத்திரலாமா? இதுக்கு நடுவுல ஒரு கட்சிக்காரர் வந்து பாராட்டி, எங்க பேனர் கட்டுங்க, மீட்டிங்குக்கு 150 பார்சல் ப்ரீயா குடுங்கன்னு நிக்கிறாரு. வீட்டுக்காரர் மன்னிப்பு கேட்டு அழிச்சிருன்னு சொல்றாரு, பொண்ணு இன்னும் பேசும்மான்னு சொல்றா. என்ன பண்ண?"

தங்கச்சி,

நீங்க அனுப்புன லிங்க்ல வீடியோவ பாத்தேன். பேச்சு நல்லாத்தான் இருக்கு, குரல் நடுங்கல, யாரையும் அசிங்கமா திட்டல. ஆனா என் கண்ணு உங்க மேல நிக்கல, பக்கத்துல நிக்கிற மனுஷன் மேலதான் நின்னுச்சு. கையில கரண்டி, ஏப்ரன்ல கடை பேரு, நீங்க பேசப் பேச அவரு கேமராவ பாக்காம கதவையே பாத்துட்டு இருக்காரு. அவர்கிட்ட கேட்டுத்தான் நிக்க வச்சீங்களா? முதலாளியம்மா "இங்க நில்லுங்க"ன்னா யாரா இருந்தாலும் நிப்பாங்க, அத சம்மதம்னு எடுத்துக்க முடியாது. ஊர்வலம் வந்தப்ப ஸ்டோர் ரூமுக்குள்ள ஒளிஞ்ச ஆள, அதே ராத்திரி ஊரு பூரா பாக்குற மாதிரி, எந்தக் கடைன்னு பேரோட காட்டியாச்சு.

அதனால வீடியோவ எடுத்துருங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம். எடுத்த அன்னிக்கே, அதே பேஜ்ல, நீங்க மட்டும் நின்னு அதே விஷயத்த திரும்பப் பேசிப் போடுங்க, "முன்னாடி போட்டதுல என் வேலைக்காரர் முகம் இருந்துச்சு, அவரு பாதுகாப்புக்காக எடுத்தேன், நான் சொன்னதுல மாத்தம் எதுவும் இல்ல"ன்னு ஒரு வரி சேருங்க. அப்ப வீட்டுக்காரரும் நிம்மதியாவாரு, நீங்க பின்வாங்கிட்டீங்கன்னு எவனும் சிரிக்கவும் முடியாது. அந்த "தின்னுட்டுத்தான்"ங்கிற வரிய மட்டும் நானா இருந்தா விட்டுருவேன். இந்த நாட்டுல வேலையில்லாதவங்க அரசாங்கக் கணக்குலயே 30 சதவீதத்துக்கு மேல, ஊர்வலத்துல நடந்தவங்கள்ல பாதிப் பேரு உங்க கடைவாசல்ல பீன்ஸ் கறிக்கு சில்லறை எண்ணிக் குடுக்கிறவங்க. அவங்க சொல்றது தப்புன்னு சொல்லுங்க, தின்ன சோத்த சொல்லிக் காட்டாதீங்க, நம்ம ஊர்ல அத யாரும் மன்னிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கடைக்காரங்க அரசியல் பேசவே கூடாதுன்னு சொல்ற ஆலோசகர்கள் இருக்காங்க, நான் அந்த ஜாதி இல்ல. பெரிய கம்பெனின்னா அறிக்கை விட ஒரு ஆபீஸ் இருக்கும், முதலாளி வேற கடை வேறன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், உங்க கடையில தோசை ஊத்துறதும் நீங்கதான் பில் போடுறதும் நீங்கதான், சொந்தக் கணக்குல பேசுனாலும் கடை பேஜ்ல பேசுனாலும் ஊருக்கு அது ஒண்ணுதான். நான் பாக்குறது வேற. நீங்க வாயத் தொறந்தா யார் யார் கையில என்னென்ன கயிறு இருக்கு, இழுத்தா யாரு விழுவாங்க, இதத்தான் பேசுறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். சரி, இப்பவாவது பாப்போம்.

முதல் கயிறு பேப்பர். உங்க மேல கோவம் இருக்கிறவன் உங்ககிட்ட வந்து சண்டை போட மாட்டான், முனிசிபாலிட்டிக்கு ஒரு போன் பண்ணுவான், லேபர் டிபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணு, ஹோம் அஃபயர்ஸுக்கு ஒண்ணு. சாப்பாட்டுக் கடை நடத்தலாம்னு முனிசிபாலிட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் குடுக்கிற சிஓஏ பேப்பர் கடையில கண்ணுக்குத் தெரியுற எடத்துல மாட்டியிருக்கணும், பைல்ல பத்திரமா இருக்குன்னு சொன்னா அது போதாது. 2024 நவம்பர்ல பிள்ளைங்க சாப்பாட்டு விஷத்துல செத்ததுக்கு அப்புறம் ஜனாதிபதி ரமபோசா ஸ்பாசான்னு சொல்ற பெட்டிக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ரிஜிஸ்டர் பண்ணணும்னு சொன்னாரே, அந்தக் கெடு 2025 பிப்ரவரி 28 வரைக்கும் நீட்டுனாங்க, நீங்க பண்ணிட்டீங்களா இல்லையான்னு லெட்டர்ல இல்ல. சம்பளம் அரசாங்கம் வச்ச கொறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ போகக் கூடாது, 2025 மார்ச் 1லேர்ந்து அது மணிக்கு 28.79 ரேண்டா இருந்துச்சு, வாரம் 45 மணி நேரம்னா 1,295 ரேண்ட் 55 சென்ட், மார்ச்சுக்கு மார்ச் ஏறும், இப்ப எவ்வளவுன்னு பாத்துக்குங்க. வேலை போனா காசு தர்ற யூஐஎஃப் நிதிக்கு ரெண்டு பேருக்கும் கட்டுறீங்களா? வேலைக்காரருக்காக வீடியோ போட்ட அம்மா அவருக்கு யூஐஎஃப் கட்டலன்னு வெளிய வந்தா அப்புறம் எந்த வீடியோவும் உங்களக் காப்பாத்தாது.

அவரோட பெர்மிட் என்னன்னு நீங்க எழுதல. ஜிம்பாப்வேகாரங்களுக்குன்னு தனியா இருக்கிற விலக்கு பெர்மிட்டுன்னா, அத 2027 மே 28 வரைக்கும் நீட்டி கெஸட்ல போட்டாச்சு. ஆனா பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்கிற தேதி பழசாத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டரே சில நேரம் அதப் பாத்துட்டு முடிஞ்சுபோச்சும்பாரு, அதனால கெஸட் காப்பி ஒண்ண பிரிண்ட் எடுத்து அவரு பாஸ்போர்ட்லயும் வச்சு உங்க பைல்லயும் வைங்க. பெர்மிட்டே இல்லன்னா அது வேற கதை, தெரிஞ்சே வேலைக்கு வச்சா 2002 இமிக்ரேஷன் சட்டப்படி குற்றம் உங்க மேல, அப்படின்னா எனக்கு எழுதாதீங்க, நேரா ஒரு வக்கீலப் பாருங்க, இந்த வாரமே. அப்புறம் இன்னொண்ணு, ஊர்வலக்காரங்க கடைக்குள்ள வந்து "ஐடி காட்டு"ன்னு அவர்கிட்ட கேட்டா காட்ட வேண்டியதில்ல. டர்பன்ல அடிங்டன் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு கேட்டாங்கல்ல, அந்த மாதிரி கேக்குற அதிகாரம் இமிக்ரேஷன் ஆபீசருக்கும் போலீசுக்கும்தான், தனி ஆளுக்குக் கெடையாதுன்னு ஜோஹானஸ்பர்க் ஹைகோர்ட் ஆபரேஷன் டுடூலாங்கிற வெளிநாட்டுக்காரங்க எதிர்ப்பு இயக்கத்து கேஸ்ல 2025 நவம்பர்ல சொல்லியாச்சு. கவுண்டர்ல நின்னு சட்டம் பேச வேண்டாம், கேட்டா போலீஸக் கூப்பிடுங்க, அவரு பின்கதவால வெளிய போற வழிய மறிச்சு அரிசி மூட்டைய அடுக்காதீங்க.

இப்ப வியாபாரம். 5,000 போய் 4,200 ஆச்சு, ஊரே வெறுத்துருச்சுன்னு எழுதியிருக்கீங்க. கணக்கு அப்படிச் சொல்லல. நாளைக்கு 800 கொறையுது, அதுல பேக்டரி ஆர்டர் 60 பார்சல் 45 ரேண்ட்னா வாரத்துக்கு 2,700, ஆறு நாளைக்குப் பிரிச்சா தினம் 450. ஆக பாதிக்கு மேல போனது ஒரே ஒரு ஆளால. மிச்சம் 350தான் நீங்க சொல்ற "ஊரு". அதுலயும் பாருங்க, ஆறு வாரத்துல பாதி புரட்டாசி. டர்பன்ல நம்ம சனங்க புரட்டாசி பிடிக்கிறத பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா, தமிழ்நாட்டுலயே பாதிப் பேரு விட்டுட்டாங்க, இங்க அஞ்சாவது தலைமுறை ஆளு தமிழே வராது ஆனா அந்த மாசம் முட்டை கூடத் தொட மாட்டாரு. மட்டன் விக்காம இருந்ததுக்கும் உங்க வீடியோவுக்கும் சம்பந்தம் இல்ல. போன வருஷ புரட்டாசி பில் புக்க எடுத்து தேதிக்குத் தேதி வச்சுப் பாருங்க, போன மாசத்தோட ஒப்பிடாதீங்க, சம்பளத் தேதியும் அரசாங்கத்தோட சாஸா உதவிப்பண தேதியும் எந்தக் கெழமையில விழுதுன்னே வியாபாரம் மாறும்.

மாசம் 26 நாள்னா 20,800 ரேண்ட் வியாபாரம் கொறைஞ்சிருக்கு, ஆனா உங்க கையவிட்டுப் போனது அவ்வளவு இல்ல, விக்காத சோத்துக்கு அரிசியும் கறியும் வாங்கலையே. உங்க கடை மாதிரி எடத்துல சாமான், பாக்கிங் எல்லாம் சேத்து 40 சதவீதம்னு வச்சா 8,320 மிச்சம், நெஜ அடி 12,480. சின்ன அடி இல்ல, வாடகையும் சம்பளமும் அதே எடத்துல நிக்கிறதால அது நேரா உங்க வீட்டுச் செலவுலதான் விழும். இத எத்தன மாசம் தாங்குவீங்கன்னு வீட்டுக்காரரோட உக்காந்து பேப்பர்ல எழுதுங்க. அந்த மனுஷன் கோழைன்னு உங்க பொண்ணு நெனைக்கலாம், அவரு இந்தக் கணக்கத்தான் மனசுக்குள்ள போட்டுட்டு இருக்காருன்னு எனக்குத் தோணுது.

பேக்டரிக்காரருக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் வேண்டாம். அரசியலப் பேசாதீங்க, "வெள்ளிக்கிழமை பார்சல் நின்னுபோச்சு, சாப்பாட்டுல கொறையா?"ன்னு மட்டும் கேளுங்க. வீடியோதான் காரணம்னு சொன்னா சரின்னு வச்சிருங்க. வாங்காம இருக்கிறது அவங்க உரிமை, இந்த நாட்டுல அது பழைய ஆயுதம், 1959ல பெதல் பக்கம் பண்ணைக் கூலிகள நடத்துன கொடுமைக்காக உருளைக்கிழங்கே வாங்காதேன்னு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சொல்லி சனங்க நிறுத்துனாங்க, அன்னிக்கு அத நியாயம்னு சொல்ற நாம இன்னிக்கு நம்ம ப்ரியாணிய வாங்கலன்னு அழக் கூடாது. ஒத்த ஸ்டாருக்கெல்லாம் பதில் எழுதிட்டு உக்காராதீங்க, சாப்பாட்டப் பத்தி யாராவது எழுதியிருந்தா அதுக்கு மட்டும் மரியாதையா பதில் போடுங்க.

லெட்டர்ல ஒரு தாத்தா "நாங்க இங்க பொறந்தவங்க, நீ நேத்து வந்தவ, உனக்கு எதுக்கு"ன்னு கேட்டதா எழுதியிருந்தீங்க, மேல சுருக்கினதுல விட்டுட்டேன். அவரோட சரித்திரம் பேசி ஜெயிக்கப் பாக்காதீங்க. 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேர்ந்து ஒப்பந்தக் கூலிகளா வந்து எறங்குனவங்க வழி வந்தவரா இருக்கும், ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்குத் திரும்பாதவன் வருஷம் மூணு பவுண்டு கட்டுன்னு 1895ல சட்டம் போட்டு 1914 வரைக்கும் புழிஞ்சது அவங்க வீட்டத்தான், உங்க வீட்ட இல்ல. "போ வெளிய"ன்னு கேட்ட குடும்பம் அவருது. அவரு பயமும் அங்கேருந்துதான் வருது, அடுத்தது நம்மளத்தான் சொல்லுவாங்க, சத்தம் போடாம இருந்துருவோம்னு. அவருக்கு டீ குடுங்க.

அடுத்த கயிறு கடன். இதுல ஒருத்தர் கதைய சொல்லியே ஆகணும். அகமது முகமது கச்சாலியான்னு ஜோஹானஸ்பர்க்ல குஜராத்தி முஸ்லிம் வியாபாரி, காந்தியோட போராட்டத்துல பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்துக்குத் தலைவரா நின்னாரு. சரக்கெல்லாம் வெள்ளைக்கார மொத்த வியாபாரிங்ககிட்ட கடன்ல வாங்குறது. 1909ல அவங்க வந்து, ஒண்ணு இயக்கத்த விடு, இல்ல மொத்தக் கடனையும் இப்பவே கட்டுன்னு நின்னாங்க. கடை நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, கடனும் கட்டக்கூடியதுதான், ஆனா ஒரே நாள்ல எவனால கட்ட முடியும்? அவரு இயக்கத்த விடல, கணக்குப் புக்கையும் சரக்கையும் அவங்க முன்னாடி வச்சுட்டாரு, திவால்னு அறிவிச்சாங்க. கடைசியில பவுண்டுக்கு இருபது ஷில்லிங், அதாவது ஒரு பைசா பாக்கியில்லாம எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சு, ஆனா கடை போயிருச்சு. காந்தியே இத எழுதி வச்சிருக்காரு. வீரம்னு எல்லாரும் இதப் படிப்பாங்க, நான் படிக்கிறப்ப எனக்குத் தெரியுறது அந்தக் கடன் சீட்டுதான். உங்களுக்கு மட்டன் கடன்ல குடுக்கிறவர் யாரு, மசாலா யாரு, அந்த ஆளு நாளைக்கு "ரொக்கம் குடு"ன்னா உங்க கையில எத்தன நாளுக்குக் காசு இருக்கு? ஒரே ஆள்கிட்ட எல்லாத்தையும் கடன்ல வாங்குறீங்கன்னா அத ரெண்டா பிரிங்க, பாக்கிய மெல்ல மெல்ல கொறைங்க.

பில்டிங் ஓனர் சமாச்சாரமும் இதுதான். "எடுத்துரு"ன்னு மெசேஜ் பண்ணா அது உத்தரவு ஆகாது, லீஸ்ல என்ன எழுதியிருக்குன்னுதான் பாக்கணும். எத்தன வருஷ லீஸ், போர்டு பேனர் பத்தி என்ன சொல்லுது, மத்த கடைகளுக்குத் தொந்தரவுன்னு ஏதாவது வரி இருக்கா. லீஸ் முடிஞ்சு மாசா மாசம் ஓடிட்டு இருக்குன்னா (உங்க பக்கம் பாதிக் கடை அப்படித்தான் ஓடுது) பெரும்பாலும் ஒரு மாச நோட்டீஸ்ல காலி பண்ணச் சொல்லிருவாங்க, அரசியல்னு வாயவே தொறக்க மாட்டாரு. அப்படின்னா அவர்கிட்ட மொறைக்காம மொதல்ல ரெண்டு வருஷத்துக்கு லீஸ் போடுங்க.

இன்ஷூரன்ஸ். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் மறந்துருவாங்க. கலவரம், ஊர்வலத்துல ஒடைக்கிறது, அரசியல் காரணமா தீ வைக்கிறது, இதெல்லாம் சாதாரண கடை பாலிசியில வராது. அதுக்கு சாஸ்ரியான்னு அரசாங்கக் கம்பெனி ஒண்ணுதான், சொவேட்டோ எழுச்சிக்கு அப்புறம் 1979ல ஆரம்பிச்சது, உங்க பாலிசியோட சேத்துத்தான் வாங்க முடியும். 2021 ஜூலையில டர்பனச் சுத்தி கலவரம் நடந்தப்ப நீங்க இங்கதான இருந்தீங்க, ஜோஹானஸ்பர்க் பக்கத்தையும் சேத்து 350 பேருக்கு மேல செத்தாங்க, சாஸ்ரியா சுமார் 3,200 கோடி ரேண்ட் குடுக்க வேண்டி வந்துச்சு, அந்தக் கவர் இல்லாதவங்க கடைவாசல்ல கண்ணாடிய கூட்டிட்டு இருந்தாங்க. கடை மூடிக் கெடக்கிற நாளுக்கு வருமானம் போறத ஈடு கட்டுறதுக்கு அதுலயே தனியா ஒரு கவர் இருக்கு, ப்ரோக்கர் தானா சொல்ல மாட்டாரு, கேட்டு வாங்கணும்.

கட்சிக்காரர் விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, வேண்டாம். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் நடுவுல வரணும், அவரு பாராட்டு அந்த காலண்டர்லேருந்து வருது. நீங்க பேசுனது ஒரு மனுஷனுக்காக, பேனர் கட்டுன அன்னிக்கு அது கட்சிக்காகன்னு ஆயிரும், அப்புறம் அந்தக் கட்சி எங்க என்ன உளறுனாலும் உங்க கவுண்டர்ல வந்துதான் கேப்பாங்க. சட்டத்துலயும் வித்தியாசம் இருக்கு, பேச்சுரிமைய அரசியலமைப்பு 16ஆவது பிரிவு "எல்லாருக்கும்"னு குடுக்குது, நீங்க சிட்டிசன் ஆகலன்னாலும் அது உங்களுக்கு உண்டு, ஆனா கட்சி அரசியல் உரிமை 19ஆவது பிரிவுல சிட்டிசனுக்குன்னுதான் இருக்கு. ப்ரீயா குடுக்கிற 150 பார்சலும் கட்சி நிதிச் சட்டப்படி பொருளாக் குடுத்த நன்கொடைதான், அத வரி ஆபீஸ் சார்ஸ்ல செலவுன்னு கழிக்கவும் முடியாது. "எந்தக் கட்சி வந்தாலும் ஒரே ரேட், பில் உண்டு"ன்னு சொல்லுங்க. முழுப் பணமும் முன்னாடியே வாங்கிருங்க, கல்யாண வீட்டுக்குக் கூட பாதி அட்வான்ஸ்ல சமைக்கலாம், அரசியல் மீட்டிங்குக்கு அந்த தைரியம் வேண்டாம்.

கவுண்டர்ல இருக்கிற பொண்ணு. நிறுத்தக் கூடாது. அரசியல் கருத்துக்காக வேலையவிட்டு எடுத்தா லேபர் சட்டம் 187ஆவது பிரிவுல அது எடுத்த எடுப்பிலேயே நியாயமில்லாத நீக்கம், 24 மாச சம்பளம் வரைக்கும் நஷ்டஈடு போடலாம், அவ 30 நாளுக்குள்ள வேலைத் தகராறு தீக்கிற சிசிஎம்ஏவுக்குப் போனா போதும், அவளுக்கு ஒரு சென்ட் செலவில்ல. சட்டத்த விடுங்க, லீவு நாள்ல அவ ரோட்டுல நடந்து சொன்னா, நீங்க கடை பேஜ்ல பேசிச் சொன்னீங்க, உங்களுக்கு இருக்கிற உரிமை அவளுக்கும்தான. "அவளுக்கு ரெண்டு அண்ணன், ரெண்டு பேருக்கும் வேலை இல்ல"ன்னு நீங்களே ஒரு எடத்துல எழுதியிருக்கீங்க, அந்த வரிய திரும்பப் படிங்க. ஆனா கோடு ஒண்ணு உண்டு. அவரு பெர்மிட்டப் பத்தி அவ கேக்கக் கூடாது, அவரு எங்க இருக்காரு எப்ப வர்றாருன்னு வெளிய சொல்லக் கூடாது, கடைக்குள்ள போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. இது ரெண்டு பேருக்கும், உங்களுக்கும் சேத்துத்தான். ஒரு பக்கத்துல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. அத மீறுனா அது அரசியல் இல்ல, ஒழுங்கு நடவடிக்கை, அப்ப முறைப்படி நோட்டீஸ் குடுத்து விசாரிக்கலாம்.

அவங்க ரெண்டு பேரும் இப்ப ஒரே அடுப்படியில எப்படிப் பேசிக்கிறாங்கன்னு நீங்க எழுதவே இல்ல. கேட்டுட்டு எழுதுங்க.

திங்கக்கிழமை காலையில ப்ரோக்கருக்கு போன், "சாஸ்ரியா இருக்கா, இல்லன்னா மாசம் எவ்வளவு"ன்னு. லீஸ் காப்பிய போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எல்லாப் பக்கமும், பின்னாடி கையால எழுதிச் சேத்தது ஏதாவது இருந்தா அதுவும்.